வெளியில் இருந்த பச்சைக் கிண்ணம்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியின் சாவியை நான் தாலிக்கொடியில் கோத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்று என் கணவர் கிண்டல் செய்வார். அவ்வளவு மோசமில்லை, சாவி கைப்பையில்தான் இருக்கிறது. ஆனால் அந்த அலமாரியை என்னைத் தவிர யாரும் திறக்கக் கூடாது என்பது உண்மை. உள்ளே நகை கிடையாது. எல்லாம் மங்குச் சாமான், அதாவது பீங்கான். தட்டு, கிண்ணம், கோப்பை, சாஸர், ஊறுகாய் வைக்கிற குட்டித் தட்டு. அத்தனையும் நிறம் போட்டவை. வெள்ளையில் ஒன்றுகூட இல்லை.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிற வேலை எனக்கு. காலையிலிருந்து வெள்ளைச் சுவர், வெள்ளை மாத்திரை, வெள்ளைச் சீட்டு. இரும்புச்சத்து மாத்திரை ஒன்றுதான் சிவப்பு. அதனால்தானோ என்னவோ, நிறத்தைக் கண்டால் எனக்குப் புத்தி பேதலித்துவிடும். அரக்குச் சிவப்பில் ஒரு தட்டு, மயில் கழுத்து நீலத்தில் இரண்டு கோப்பை, வெந்தய மஞ்சளில் ஒரு மூடிபோட்ட பாத்திரம் என்று பதினோரு வருடமாகச் சேர்த்தது. பாதி பழைய சாமான். திருமயத்துக்கு அங்கிட்டு, செட்டிநாட்டு ஊர்களில் பெரிய வீடுகளைப் பிரிக்கும்போது வெளியே வருவது. அடியில் ஜப்பான் என்று முத்திரை குத்தியிருக்கும். மீதி புதுசு. செல்போனில் பார்த்துச் சொன்னால், யாரோ ஒரு சின்னப் பெண் எங்கேயோ சூளை வைத்துச் சுட்டு, குமிழ்த்தாள் சுற்றி அனுப்பிவிடுவாள். அந்தக் குமிழ்களை உடைப்பது மட்டும் என் கணவருக்கு அனுமதிக்கப்பட்ட வேலை.

இதில் சந்தோஷம் எவ்வளவோ, பயமும் அவ்வளவு. கடையில் இரண்டு கையாலும் ஏந்தித்தான் எடுப்பேன். அரிமளம் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வரும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். "மடியில என்னம்மா, பச்சப்புள்ளையா?" என்று ஒரு கண்டக்டர் கேட்டே விட்டார். "ஆமாண்ணே, கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்க" என்றேன். பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாங்குமுன் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்ப்பேன். நல்ல மங்கு 'ணங்' என்று நீளமாகச் சொல்லும். விரிசல் இருந்தால் 'டொக்' என்று வாயை மூடிக்கொள்ளும். கண்ணுக்குத் தப்பியது காதுக்குத் தப்பாது.

பச்சைக் கிண்ணம் ஆறு வைத்திருந்தேன். வெளியே கிளிப்பச்சை, உள்ளே இளமஞ்சள். ஒரே கடையில் ஆறும் கிடைக்கவில்லை. இரண்டு ஒரு வருடம், ஒன்று இன்னொரு வருடம் என்று ஊர் ஊராகத் தேடி, ஆறாவது போன வருடம் பங்குனியில்தான் கையில் கிடைத்தது. அடுத்து வந்த ஆடியில் ஒரு புதன்கிழமை அதைக் கழுவும்போது குழாயில் இடித்து இரண்டாகப் போனது. வேறு யாராவது உடைத்திருந்தால் அன்றைக்கு வீடே இரண்டாகியிருக்கும். உடைத்தது நானே. யாரிடம் போய்க் கத்துவது?

என் கணவர் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறார். கரண்டுக்குப் பயப்படாத மனுஷன், விரிசல் விட்ட பாத்திரத்துக்குப் பயப்படுவார். "விரிஞ்சது வீட்ல இருந்தா குடும்பத்துக்கு ஆகாது" என்று அன்றைக்கே தூக்கிக்கொண்டு போய்க் குப்பையில் போட்டுவிடுவார். அதெல்லாம் மூடநம்பிக்கை என்று நான் எத்தனை தடவை வாய் கிழியப் பேசியிருக்கிறேன்! ஆகவே அவரிடம் சொல்லவில்லை. இரண்டு டியூப்பில் வருகிற பசையைக் கலந்து ஒட்டி, ரப்பர் பேண்டு போட்டு, சமையலறை மேல்தட்டில் உப்பு ஜாடிக்குப் பின்னால் வைத்தேன். மறுநாள் ரப்பர் பேண்டை எடுத்துப் பார்த்தால் கோடே தெரியவில்லை. எனக்கு ஒரே பெருமை. இன்னும் இரண்டு நாள் இறுகட்டும் என்று அங்கேயே விட்டேன். என் கெட்டிக்காரத்தனம் அதோடு முடிந்தது.

அதற்கு மறுநாள் ஆடி வெள்ளி. காலையில் பாசிப்பருப்புப் பாயசம் வைத்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பினேன். "எதிர்த்த வீட்டு அக்காவுக்குக் கொஞ்சம் குடுத்துருங்க. புள்ளத்தாச்சிப் புள்ள இருக்குல்ல" என்று கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

எதிர்த்த வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை. வீட்டில் அக்காவும், வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வந்திருக்கிற ஒரே மகளும். அக்காவுக்கு நல்லது கெட்டது எதுவென்றாலும் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார். "இவ எந்தங்கச்சி, ஆஸ்பத்திரியில இருக்கா" என்று ஊரெல்லாம் சொல்லுவார். மகள் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துத் தங்கியிருந்த பிள்ளை அது. அக்கா அதற்காகப் போகாத கோயில் இல்லை. மாத்திரையை நான் எடுத்துக் கொடுத்தால்தான் மகளுக்குக் கொடுப்பார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றிய கையோடு சமையலறைக்குப் போனேன். உப்பு ஜாடி இருந்தது. பின்னால் கிண்ணம் இல்லை.

"ஏங்க, இங்க இருந்த பச்சைக் கிண்ணம் எங்க?"

"பாயசம் குடுத்து விடச் சொன்னேல்ல, அதுலதான் குடுத்தேன். எவர்சில்வர் பூராவும் சிங்க்ல கெடந்துச்சு."

"என் மங்க எதுக்குத் தொட்டீங்க?"

"உள்ள இருக்கறதத் தொட்டாத்தான தப்பு? இது வெளிய இருந்துச்சு. பொழங்குறதுக்குத்தான் வச்சிருக்கன்னு நெனைச்சேன்." முகத்தில் அப்படி ஒரு நியாயம். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்குக் கூடுதல் ஆத்திரம்.

"சுடச் சுடவா ஊத்துனீங்க?"

"பின்ன, ஆற வச்சா குடுப்பாங்க?"

பசை சூட்டில் இளகுமா இளகாதா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் கையில் பிடித்திருக்கும்போது கிண்ணம் இரண்டாகப் பிளந்தால்? எங்கள் பக்கம் விரிந்த பாத்திரத்தில் அடுத்த வீட்டுக்கு எதையும் கொடுக்க மாட்டோம். நல்ல நாளில் கொடுக்கவே மாட்டோம். நிறைமாசக்காரி இருக்கிற வீட்டுக்கு, ஆடி வெள்ளியில், ஒட்டின கிண்ணத்தில் இனிப்பு கொடுத்தால் அதற்கு ஊரில் வேறு பெயர், செய்வினை. தெரிந்து கொடுத்தது என்று அக்கா நினைத்துவிட்டால் அப்புறம் என் முகத்தில் முழிப்பாரா?

போய்க் கேட்டு வாங்கி வந்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. கொடுத்த பாத்திரத்தைக் கேட்டு வாங்கினால் உறவு அந்த இடத்திலேயே அறுந்துவிடும். வாங்கினவர்களும் வெறும் பாத்திரமாகத் திருப்ப மாட்டார்கள். ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் வரும். அக்கா இந்த விஷயத்தில் ரொம்ப கண்டிப்பு. இரண்டு மூன்று நாளில் அதிரசமோ, முருங்கைக்காயோ போட்டு வந்துவிடும், அதுவரை அது தாங்க வேண்டும், அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்று நாள் போனது. வரவில்லை.

அவர்கள் வீட்டில் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டாலே நான் ஜன்னலுக்கு ஓடுவேன். கம்பி நார் போட்டுத் தேய்ப்பாரோ, வெந்நீர் ஊற்றுவாரோ என்று நினைத்து நினைத்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் கால்சியம் மாத்திரையைச் சாக்காக வைத்துக்கொண்டு போனேன். மகள் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "சித்தி, பாயசம் சூப்பர்" என்றாள். நல்லவேளை, குடித்திருக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் குடிப்பதாகச் சொல்லிச் சமையலறைக்குள் போய்க் கண்ணை நாலாபக்கமும் ஓட்டினேன். தட்டு ஸ்டாண்டில் இல்லை. ஷெல்ஃபில் இல்லை.

"என்னத்தா தேடுற?" அக்கா பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"தண்ணிக் குடந்தாங்க்கா."

"அந்தா இருக்கு." எப்போதும் செம்பில் மொண்டு கையில் கொடுப்பவர், அன்றைக்குக் கையால் காட்டியதோடு சரி. திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக நான் நின்றேன். வாய்விட்டுக் கத்தவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

பத்தாம் நாள் ஒரு தந்திரம் செய்தேன். எவர்சில்வர் டப்பாவில் கொழுக்கட்டை கொடுத்தேன். டப்பா திரும்பி வரும்போது கிண்ணமும் கூடவே வரும் என்று கணக்கு. டப்பா மறுநாளே வந்துவிட்டது, நிறைய முருங்கைக்கீரையோடு. கிண்ணம் வரவில்லை. அப்படியானால் உடைந்துவிட்டது. உடைந்ததை மறைக்கிறார். உடைந்த துண்டைப் பார்த்தால் பசை தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் கேட்டிருப்பார். கேட்கவில்லை என்றால் உடையவில்லை. இப்படியே செக்குமாடாக என் மனசு சுற்றிக்கொண்டிருந்தது. மருந்துச் சீட்டில் 'மூன்று வேளை' என்று இருந்ததை இரண்டு வேளை என்று சொல்லி, அந்த ஆளைத் தெருவில் ஓடிப்போய்ப் பிடித்துத் திருத்தினேன்.

அன்று சாயங்காலம் கணவரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். டீயைக் குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"விரிஞ்சதுலயா குடுத்தேன்? நெறமாசக்காரி வீட்டுக்கு? எங்கையால?"

"நீங்க சுண்டிப் பாத்துக் குடுத்திருக்கலாம்ல?"

"என்னது? பாயசம் குடுக்கப் போறவன் பாத்திரத்தத் தட்டிப் பாத்துக்கிட்டா நிப்பான்? உள்ள உள்ளதப் பூட்டி வச்சுட்டு ஒடைஞ்சத வெளிய வச்சிருக்க! முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சுட்டு இப்ப எம்மேல பாயிறியா?"

அவர் சத்தம் போட்டது சரிதான். கடைசியில் அவரே இறங்கி வந்து, "புள்ள பொறக்குற வரைக்கும் வாயத் தொறக்காத. சொன்னா அந்த அக்கா பயந்து செத்துரும்" என்றார். எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. சொல்லாமல் இருப்பதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்ததில் உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட வந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அக்காவைக் கவனித்தேன். கருவேப்பிலைக்கு வருகிறவர் வரவில்லை. வாசலில் பார்த்தால் "என்னத்தா, வேலைக்குப் போறியா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார். ஆடி வெள்ளி, ஆடிச் செவ்வாய் ஒன்று விடாமல் கோயிலுக்குப் போனார். முகம் வற்றிக்கொண்டே வந்தது. பிரசவம் நெருங்குகிற கவலை, எந்தத் தாய்க்கும் இருப்பதுதான் என்று நான் எனக்குச் சமாதானம் சொன்னேன்.

ஆவணி பிறந்த நாலாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். மருந்து கொடுக்கிற ஜன்னலில் நின்ற எங்கள் தெருப் பெண் ஒருத்தி, "ஒங்க எதிர்த்த வீட்டுப் புள்ளைக்கு வலி கண்டு வண்டியில ஏத்திக்கிட்டுப் போயாச்சே, தெரியாதா?" என்றாள். புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்காம். பனிக்குடம் உடைந்துவிட்டதாம். எனக்குத் தெரியாது. அக்கா என்னைக் கூப்பிடவில்லை. அடித்துப் பிடித்துப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

பனிக்குடம் உடைவது சாதாரணம் என்று எனக்குத் தெரியும். எத்தனை பேருக்கு நானே தைரியம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் காதில் 'உடைந்தது' என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. மாத்திரை எண்ண முடியவில்லை. பத்து பத்தாகக் கத்தரித்த அட்டையை மறுபடி மறுபடி எண்ணினேன். ஆத்தா மாரி, ஒன் வெள்ளிக்கிழமையில நான் செஞ்சது, அந்தப் புள்ள மேல காட்டாத என்று மனசுக்குள் வேண்டினேன். மூடநம்பிக்கை என்று வாய் கிழியப் பேசினவள் நான். மூன்று மணிக்கு ஆபரேஷன் என்றார்கள். நாலரைக்குப் பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் நலம் என்று எங்கள் நர்ஸுக்குப் போன் வந்தது. நான் மருந்து ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மூன்றாம் நாள் காலையில் அக்கா மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் வாசலில் நின்றார். முந்தானையால் மூடி, இரண்டு கையாலும் எதையோ ஏந்திக்கொண்டு வந்தார். முந்தானையை விலக்கினால் கிளிப்பச்சை. கோபுரமாகச் சீனி.

"பேத்தி பொறந்திருக்கா. சீனி எடுத்துக்கத்தா."

நான் கிண்ணத்தை வாங்கினேன். பொய் சொல்லக் கூடாது: என் கண் முதலில் போனது ஒட்டின இடத்துக்குத்தான். அப்படியே இருந்தது. அதற்குப் பிறகுதான், "புள்ள எப்புடிங்க்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டும் நல்லாருக்குக. ஆத்தா காப்பாத்திட்டா." கிண்ணத்தைக் கையால் காட்டினார். "தண்ணி படாமத்தான் வச்சிருந்தேன். பாயசத்த அப்பவே சட்டியில மாத்தி, ஆத்தாள வேண்டிக்கிட்டுத்தான் மகளுக்குக் குடுத்தேன். ஈரம் பட்டா ஒட்டு விட்ரும்ல? அதான் சீனியாப் போட்டுக் கொண்டாந்தேன்."

"தெரியுமாக்கா?"

"தம்பி குடுத்துட்டுப் படியெறங்குறதுக்குள்ள சுண்டிப் பாத்தேன். நான் கல்யாணத்துக்கு முந்தி எங்க ஆத்தாவோட பெரிய வீடுகள்ல விசேஷத்துக்கு மங்கு கழுவப் போனவ. கழுவி அடுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணாச் சுண்டித்தான் வைக்கணும். கை தன்னால போயிருச்சு. டொக்குன்னுச்சு. உத்துப் பாத்தா ஒட்டு தெரிஞ்சுச்சுத்தா."

"வீட்லயா வச்சிருந்தீங்க?"

"வீட்டுக்குள்ள வைக்கப் பயமா இருந்துச்சு. தூக்கிப் போடவும் மனசு வரல. நீ எம்புட்டு ஆசையாச் சேக்குறன்னு எனக்குத் தெரியாதா? கொல்லையில வெறகுக் கொட்டகையில, பழைய துணியச் சுத்தி வச்சேன். பூனகீன தள்ளிரும்னு தெனமும் போயிப் போயிப் பாத்துக்கிட்டேன். மக கண்ணுல மட்டும் காட்டல."

"ஏங்க்கா எங்கிட்டக் கேக்கல? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"என்னன்னு கேக்குறது? தெரிஞ்சு குடுத்தியான்னா?" அக்கா என்னை நேராகப் பார்த்தார். "ஆமான்னு சொல்லிட்டா நான் யார்கிட்டத்தா போவேன்?"

அப்புறம் நான் எல்லாவற்றையும் கொட்டினேன். குழாயில் இடித்தது, பசை, உப்பு ஜாடி, உள்ளே இருப்பதைத் தொடக் கூடாது என்று வெளியே இருந்ததை எடுத்துக் கொடுத்த என் கணவரின் நியாயம். "நீங்க பயந்துருவீங்கன்னுதான் சொல்லல" என்றும் சொன்னேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கணவர் கதையில் கொஞ்சம் சிரிக்கவும் செய்தார்.

"சரி விடு. நல்லபடியாப் பொறந்துருச்சு. இனி இது எதுக்கு? சீனியக் கொட்டிட்டு, ரெண்டு பேருமாச் சேந்து கொல்லையில போட்டு ஒடைச்சிருவமா?"

உடனே சரி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் கண் அலமாரிப் பக்கம் போய்விட்டது. அங்கே ஐந்து பச்சைக் கிண்ணமும், ஆறாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெறும் வட்டமும். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

"சரிங்க்கா, ஒடைச்சிருவோம்" என்றேன்.

அக்கா பார்த்துவிட்டார். "வேணாந்த்தா. ஆசப்பட்டு வாங்குனது. வச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். "நேரமாச்சு, வாரேன்."

அன்று சாயங்காலம் சீனியை டப்பாவில் மாற்றிவிட்டு, கிண்ணத்தைக் கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் ஓங்கிப் போட்டேன். எதிர்த்த வீட்டுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் அவ்வளவு ஓங்கினேன். அக்கா அப்போது புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் இருந்தார். அது எனக்கும் தெரியும்.

பேத்திக்கு இப்போது ஒரு வயது. எங்கள் வீட்டில்தான் தவழ்ந்து திரிகிறாள். அக்காவும் பழையபடி கருவேப்பிலைக்கு வருகிறார், சிரிக்கிறார், "எந்தங்கச்சி" என்கிறார். பாத்திரங்களும் போய் வந்துகொண்டுதான் இருக்கின்றன. நான் எவர்சில்வரில் மட்டும்தான் கொடுக்கிறேன். ஒன்றே ஒன்றுதான். எங்கள் வீட்டிலிருந்து எது போனாலும் அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, என்னோடு பேசிக்கொண்டே, ஒருமுறை விரலால் சுண்டிப் பார்க்கிறார். எவர்சில்வர் டப்பாவைக்கூட.